ஃபிளாஸ்க் செயலியை எஸ்க்யூஎல்ஆல்கெமி வழியாகத் தரவுத்தளத்தோடு இணைப்பது: முழுமையான வழிகாட்டி

ஃபிளாஸ்க் வேண்டுமென்றே சிறியதாக வைக்கப்பட்ட வெப் ஃபிரேம்வொர்க். 2010-ல் ஆர்மின் ரோனாகர் அதை வெளியிட்ட நாளிலிருந்து இன்றுவரை அதற்குள் தரவுத்தளத்துக்கென்று ஒரு பகுதி கிடையாது. ஜாங்கோ என்ற இன்னொரு ஃபிரேம்வொர்க்கை எடுத்தால் ஓஆர்எம், மைக்ரேஷன் (டேபிள்களின் அமைப்பைப் படிப்படியாக மாற்றும் வசதி), அட்மின் பக்கம் எல்லாம் சேர்ந்தே வந்துவிடும். ஃபிளாஸ்க்கில் எதைச் சேர்ப்பது என்பது உங்கள் முடிவு. பெரும்பாலானவர்கள் சேர்ப்பது எஸ்க்யூஎல்ஆல்கெமி. மைக் பேயர் 2006-ல் வெளியிட்டு இன்றும் முன்னின்று வளர்த்துவரும் பைத்தான் பேக்கேஜ் அது. இரண்டையும் ஒட்டவைக்க ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி என்ற மெல்லிய இணைப்பான் இருக்கிறது.

ஓஆர்எம் செய்யும் வேலை இதுதான்: ஒரு டேபிளை ஒரு கிளாஸாகவும், அதிலுள்ள ஒவ்வொரு பதிவையும் ஒரு ஆப்ஜெக்ட்டாகவும் நமக்குக் காட்டும். ஆப்ஜெக்ட்டில் நாம் செய்யும் மாற்றங்களைக் கவனித்து, அதற்கேற்ற இன்செர்ட், அப்டேட், டெலீட் கட்டளைகளை அதுவே எழுதும். இதைக் கேட்டதும், இனி தரவுத்தளத்தோடு பேசும் மொழியான எஸ்க்யூஎல் தெரிய வேண்டியதில்லை என்று பலர் முடிவுகட்டிவிடுகிறார்கள். அங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. உங்கள் பைத்தான் வரிகளில் எது தரவுத்தளத்தை எட்டுகிறது, எப்போது எட்டுகிறது என்று தெரிந்தால்தான் ஓஆர்எம் கைகொடுக்கும். இந்த வழிகாட்டி முழுக்க அந்தக் கேள்வியைக் கையில் வைத்துக்கொண்டே போவோம்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு சிறிய நூலகத்தின் இரவல் பதிவேடு. நூல், அந்த நூலின் பிரதிகள், உறுப்பினர், இரவல் என்று நான்கு டேபிள்கள். நிரல் பெயர்களை இங்கே தமிழ் எழுத்தில் ஒலிப்பின்படி எழுதியிருக்கிறேன். கோப்பில் தட்டும்போது அவற்றின் வழக்கமான ஆங்கில எழுத்துகளையே பயன்படுத்துங்கள்.

படி 1: சூழலைத் தயார் செய்தல்

பைத்தான் 3.10 அல்லது அதற்கு மேல் வைத்துக்கொள்ளுங்கள். திட்டத்துக்கென்று ஒரு ஃபோல்டர், அதற்குள் வென்வ் கட்டளையால் ஒரு தனிச் சூழல். அதை இயக்கிவிட்டு, பிப் மூலம் ஃபிளாஸ்க், ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி, ஃபிளாஸ்க்-மைக்ரேட் ஆகிய மூன்றையும் நிறுவுங்கள். எஸ்க்யூஎல்ஆல்கெமியும், மைக்ரேஷன் கோப்புகளை எழுதும் அலெம்பிக்கும் அவற்றோடு தானாக வந்துவிடும். நிறுவியதும் பதிப்பு எண்களை ரிக்வயர்மென்ட்ஸ் கோப்பில் பதிந்துவிடுங்கள்.

பதிப்பு எண் இங்கே மிக முக்கியம். எஸ்க்யூஎல்ஆல்கெமி 2.0 வெளிவந்தது 2023 ஜனவரியில். அதற்கு முன் எழுதப்பட்ட பாடங்களில் டிபி.காலம் என்று புலங்களை (டேபிளின் நெடுவரிசைகளை) அறிவித்து, நூல்.க்வெரி.ஃபில்டர்_பை என்று தேடியிருப்பார்கள். அந்த எழுத்துமுறை இன்னும் ஓடும், ஆனால் பழையது. புதிய முறையில் மேப்ட் என்ற வகைக்குறிப்பு, மேப்ட்_காலம், செலக்ட் ஆகிய மூன்றும் வரும். இரண்டையும் ஒரே திட்டத்தில் கலக்காதீர்கள். இந்த வழிகாட்டி புதிய முறையில் மட்டும் போகிறது.

படி 2: இணைப்பு முகவரி

தரவுத்தளம் எங்கே இருக்கிறது என்பதை எஸ்க்யூஎல்ஆல்கெமி_டேட்டாபேஸ்_யூஆர்ஐ என்ற ஒரே அமைப்பு வரி சொல்லும். அதன் வடிவம்: தரவுத்தள வகை, ஒரு கூட்டல் குறி, டிரைவரின் பெயர், பிறகு ://, பயனர் பெயர், கடவுச்சொல், @, சர்வர், போர்ட், கடைசியில் தரவுத்தளத்தின் பெயர். எஸ்க்யூலைட்டுக்குப் பயனரோ சர்வரோ கிடையாது, ஒரு கோப்பு மட்டுமே. அதனால் மூன்று சாய்கோடு போட்டுக் கோப்பின் பெயரை எழுதினால் போதும். நான்கு சாய்கோடு போட்டால் அது லினக்ஸில் முழுப் பாதை.

இங்கே வழக்கமாகத் தடுக்கும் கற்கள் மூன்று. முதலாவது, ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி 3.0 முதல், மூன்று சாய்கோடு போட்ட எஸ்க்யூலைட் கோப்பு, இன்ஸ்டன்ஸ் என்ற ஃபோல்டருக்குள் உருவாகும். திட்டத்தின் மேல்மட்டத்தில் தேடிவிட்டுக் கோப்பே வரவில்லை என்று நினைத்துவிட வேண்டாம். இரண்டாவது, கடவுச்சொல்லில் @ இருந்தால் அதை %40 என்று மாற்றி எழுத வேண்டும். இல்லாவிட்டால் அதற்குப் பின்னால் வருவதையெல்லாம் சர்வர் பெயராக எடுத்துக்கொள்ளும். மூன்றாவது, சில ஹோஸ்டிங் சேவைகள் தரும் முகவரி போஸ்ட்கிரெஸ்:// என்று தொடங்கும். எஸ்க்யூஎல்ஆல்கெமி 1.4-லிருந்து அந்தச் சுருக்கப் பெயரை ஏற்பதில்லை. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்:// என்று முழுப் பெயராக மாற்றிக் கொடுங்கள்.

முகவரியை நிரலுக்குள் எழுதாதீர்கள். என்விரான்மென்ட் வேரியபிளில் வைத்து, ஓஎஸ்.என்விரான் வழியாகப் படியுங்கள். நிரலின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட்டுக்குள் ஒருமுறை போன கடவுச்சொல்லை, அந்த வரியை அழிப்பதால் மட்டும் மறைத்துவிட முடியாது. பழைய கமிட்டுகளில் அது அப்படியே இருக்கும். கடவுச்சொல்லையே மாற்றித்தான் ஆக வேண்டும்.

கூடவே எஸ்க்யூஎல்ஆல்கெமி_எக்கோ என்ற அமைப்பை ட்ரூ என்று வையுங்கள். இனி ஓடும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியும் டெர்மினலில் தெரியும். கற்கும் காலத்தில் இதை அணைக்கவே வேண்டாம். ஒரு பக்கத்தைத் திறந்தால் என்னென்ன ஓடுகிறது என்று பார்ப்பதுதான் ஓஆர்எம்மைக் கற்க எனக்குத் தெரிந்த நேரடியான வழி.

படி 3: டிபி ஆப்ஜெக்ட்டை எங்கே வைப்பது

சின்னப் பாடங்களில் எல்லாவற்றையும் ஒரே கோப்பில் எழுதியிருப்பார்கள். இரண்டாவது கோப்பு வந்ததும் வட்ட இம்போர்ட் பிழை வந்து நிற்கும்: ஆப் கோப்புக்கு மாடல் (ஒரு டேபிளைக் குறிக்கும் கிளாஸ்) வேண்டும், மாடல் கோப்புக்கு ஆப்பிலுள்ள டிபி வேண்டும். ஆகவே முதலிலேயே பிரித்துவிடுங்கள்.

எக்ஸ்டென்ஷன்ஸ் என்ற கோப்பில் டிக்ளரேட்டிவ்பேஸ் கிளாஸிலிருந்து பேஸ் என்ற ஒரு கிளாஸை உருவாக்கி, அதை மாடல்_கிளாஸ் என்று கொடுத்து டிபி ஆப்ஜெக்ட்டை உண்டாக்குங்கள். இதற்கு ஆப் தேவையில்லை. மாடல்ஸ் கோப்பு இங்கிருந்து டிபியை மட்டும் எடுத்துக்கொள்ளும். ஆப் கோப்பில் கிரியேட்_ஆப் என்ற ஃபங்ஷன் எழுதி, அதற்குள் ஃபிளாஸ்க் ஆப்பை உருவாக்கி, அமைப்புகளை ஏற்றி, அதன் பிறகு டிபி.இனிட்_ஆப் என்று அழையுங்கள். இந்த வரிசை மாறக் கூடாது. இனிட்_ஆப் ஓடும் தருணத்தில்தான் அமைப்புகள் படிக்கப்படுகின்றன. அதற்குப் பின் முகவரியை மாற்றினால் அது காதில் விழாது.

பேஸ் கிளாஸை எழுதும்போதே, கட்டுப்பாடுகளுக்குப் பெயர் வைக்கும் முறையையும் சேர்த்துவிடுங்கள். மெட்டாடேட்டாவுக்கு நேமிங்_கன்வென்ஷன் என்ற டிக்ஷனரியைக் கொடுத்தால் போதும், யுனிக் (ஒரே மதிப்பு இருமுறை வரக் கூடாது), ஃபாரின் கீ (வேறொரு டேபிளின் பதிவைச் சுட்டுவது) எல்லாவற்றுக்கும் ஒரே ஒழுங்கில் பெயர் கிடைக்கும். இன்றைக்கு இதன் அருமை தெரியாது. ஆறு மாதம் கழித்து ஒரு கட்டுப்பாட்டை நீக்க வேண்டி வரும்போது, அதற்குப் பெயரே இல்லையென்றால் மைக்ரேஷன் எதைப் பிடித்து நீக்கும்?

டிபி ஆப்ஜெக்ட் எந்த ஆப்பின் தரவுத்தளத்தோடு பேச வேண்டும் என்பதை அப்ளிகேஷன் கான்டெக்ஸ்ட் (இப்போது எந்த ஆப் ஓடுகிறது என்ற குறிப்பு) மூலம்தான் தெரிந்துகொள்கிறது. வெப் ரிக்வெஸ்ட் வரும்போது ஃபிளாஸ்க் அதைத் தானாக ஏற்படுத்தும். தனி ஸ்கிரிப்டில் வித் ஆப்.ஆப்_கான்டெக்ஸ்ட் என்று நீங்களே திறக்க வேண்டும். ஃபிளாஸ்க் ஷெல் கட்டளைக்குள் போனால் அதுவும் தேவையில்லை.

படி 4: மாடல்களை எழுதுதல்

நூல் மாடலை எடுத்துக்கொள்வோம். புக் என்ற கிளாஸ், டிபி.மாடலிலிருந்து பிறக்கிறது. ஐடி என்பது மேப்ட்[இன்ட்], பிரைமரி கீ. டைட்டில் என்பது மேப்ட்[எஸ்டிஆர்]. வெளிவந்த ஆண்டு தெரியாமல் போகலாம், ஆகவே இயர் என்பது மேப்ட்[இன்ட் | நன்]. இந்த வகைக்குறிப்பு வெறும் அலங்காரம் கிடையாது. எஸ்டிஆர் என்று மட்டும் எழுதினால் அந்தப் புலம் நாட் நல் ஆகும். நன் சேர்த்தால்தான் காலியாக விடலாம். கூடுதலாக யுனிக், இன்டெக்ஸ், நீளம் போன்றவை வேண்டுமானால் மேப்ட்_காலம் வழியாகக் கொடுக்க வேண்டும்.

இரவல் எடுத்த நேரத்துக்கு இயல்பு மதிப்பு வைக்கும்போது, டிஃபால்ட் என்பதற்கு ஃபங்ஷனையே கொடுங்கள், அழைத்து வந்த விடையைக் கொடுக்காதீர்கள். அடைப்புக்குறி போட்டு அழைத்துவிட்டால், ஆப் தொடங்கிய நேரம்தான் எல்லா இரவலுக்கும் ஒட்டிக்கொள்ளும். யூடிசிநவ் என்ற ஃபங்ஷனை பைத்தான் 3.12 கைவிடச் சொல்கிறது. டேட்டைம்.நவ் என்பதற்கு டைம்ஸோன்.யூடிசி கொடுத்து, அதை ஒரு லாம்ப்டாவுக்குள் வையுங்கள். டிஃபால்ட் என்பது பைத்தான் பக்கம் நிரப்பப்படுவது, சர்வர்_டிஃபால்ட் என்பது தரவுத்தளமே நிரப்புவது. இந்த வேறுபாடு மைக்ரேஷனில் மறுபடி வரும்.

தமிழில் தரவு வைக்கப்போகிறீர்கள் என்றால் கொஞ்சம் நின்று கவனிக்க வேண்டிய இடம் இது. "தமிழ்" என்பது கண்ணுக்கு மூன்று எழுத்து. யூனிகோடில் ஐந்து குறியீடுகள், யூடிஎஃப்-8-ல் 15 பைட்டுகள். ஸ்ட்ரிங்(50) என்று நீங்கள் வைக்கும் வரம்பை போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லும் மைஎஸ்க்யூஎல்லும் குறியீடுகளாகத்தான் எண்ணும். எழுத்துகளை மனதில் எண்ணி வரம்பு வைத்தால் நீண்ட தலைப்புகள் முட்டிக்கொண்டு நிற்கும். எஸ்க்யூலைட் அந்த வரம்பைக் கண்டுகொள்வதே இல்லை என்பதால், உங்கள் கணினியில் பிழை தெரியாது, சர்வரில்தான் தெரியும்.

அடுத்தது இன்னும் நுட்பமானது. "கொ" என்ற எழுத்தை இரண்டு விதமாகச் சேமிக்கலாம்: ககரத்தோடு ஒகரக் குறி ஒன்றாக, அல்லது எகரக் குறியும் கால் குறியும் தனித்தனியாக. திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். தரவுத்தளத்துக்கு அவை இரண்டு வேறு சொற்கள். ஒருவர் "கொக்கு" என்று ஒரு விதத்தில் சேமித்ததை, இன்னொருவர் வேறு கீபோர்டில் தட்டித் தேடினால் கிடைக்காது. யுனிக் கட்டுப்பாடும் ஏமாந்துபோகும். இதற்கு பைத்தானின் யூனிகோட்டேட்டா மாட்யூலில் உள்ள நார்மலைஸ் ஃபங்ஷனை என்எஃப்சி என்ற முறையில் பயன்படுத்த வேண்டும்.

அதை ஒவ்வொரு ரூட்டிலும் (ஒரு பக்க முகவரிக்குப் பதில் தரும் ஃபங்ஷனிலும்) எழுதிக்கொண்டிருக்க வேண்டாம். டைப்டெக்கரேட்டர் கிளாஸிலிருந்து தமிழ்டெக்ஸ்ட் என்று ஒரு புதிய வகையை உருவாக்கி, இம்ப்ள் என்பதை ஸ்ட்ரிங் என்றும் கேஷ்_ஓகே என்பதை ட்ரூ என்றும் வைத்து, பிராசஸ்_பைண்ட்_பாரம் மெத்தடில் நார்மலைஸ் செய்துவிடுங்கள். இனி அந்தப் புலத்துக்குள் போகும் மதிப்பும், அதனோடு ஒப்பிடும் தேடல் சொல்லும் ஒரே வடிவத்துக்கு வந்துவிடும். ஓஆர்எம்மில் எனக்கு மிகப் பிடித்த வசதி இது. ஆனால் "ஔ" என்பதற்குப் பதிலாக ஒகரமும் ளகரமும் சேர்த்துத் தட்டியிருந்தால் என்எஃப்சி அதைத் திருத்தாது. அது உண்மையிலேயே வேறு எழுத்து. அதை நீங்களே மாற்ற வேண்டும்.

அகர வரிசையும் இப்படித்தான். யூனிகோட் பட்டியலில் ன, ந-வுக்கு அடுத்து இருக்கிறது. அதனால் எஸ்க்யூலைட்டில் "அன்னை" முதலிலும் "அப்பா" பிறகும் வரும். தமிழ் அகர வரிசைக்கு இது தலைகீழ். ஐசியு வசதியுள்ள போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லில் டிஏ-எக்ஸ்-ஐசியு என்ற கொலேஷன் (வரிசைப்படுத்தும் விதி) இருக்கிறது. ஆர்டர்_பை எழுதும்போது கொலேட் ஃபங்ஷன் வழியாக அதைக் கொடுத்தால் வரிசை சரியாகும்.

படி 5: உறவுகள்

ஒரு நூலுக்குப் பல பிரதிகள். பிரதி டேபிளில் புக்_ஐடி என்ற புலம், அதற்கு ஃபாரின் கீ. தரவுத்தளத்தில் இருப்பது இவ்வளவுதான். ரிலேஷன்ஷிப் என்று நாம் எழுதுவது பைத்தான் பக்கத்து வசதி: புக்.காப்பீஸ் என்றால் பிரதிகளின் பட்டியல், காப்பி.புக் என்றால் அந்த நூல். இரு பக்கத்திலும் எழுதி, பேக்_பாப்புலேட்ஸ் மூலம் ஒன்றை ஒன்றோடு கட்டுங்கள். பேக்ரெஃப் என்ற பழைய குறுக்குவழியில் ஒரு பக்கம் மட்டும் எழுதினால் போதும் என்றாலும், அடுத்த ஆள் கோப்பைப் படிக்கும்போது மறுபக்கம் கண்ணில் படாது.

ஃபாரின் கீ எழுதிவிட்டோம், பாதுகாப்பு வந்துவிட்டது என்று எஸ்க்யூலைட்டில் நம்பக் கூடாது. அதில் ஃபாரின் கீ சோதனை இயல்பாக அணைந்திருக்கும். ஒவ்வொரு இணைப்பிலும் பிராக்மா ஃபாரின்_கீஸ் என்பதை ஆன் செய்ய வேண்டும். தரவுத்தள இணைப்புகளைக் கையாளும் எஞ்சின் கிளாஸின் கனெக்ட் நிகழ்வுக்கு ஒரு சிறிய ஃபங்ஷனைக் கட்டி அதை ஓட்டிவிடலாம்.

நூலை நீக்கினால் பிரதி என்ன ஆகும்? நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால், எஸ்க்யூஎல்ஆல்கெமி பிரதிகளின் புக்_ஐடியை நல் ஆக்கப் பார்க்கும். அது நாட் நல் புலம் என்பதால் பிழை வரும். கேஸ்கேட் கொடுத்தால் பிரதிகளும் சேர்ந்து நீங்கும். எதை எங்கே வைப்பது என்பது தரவின் தன்மையைப் பொறுத்தது. இரவல் வரலாற்றுக்கு மட்டும் கேஸ்கேட் வைக்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. உறுப்பினர் விலகினால் நீக்குவதற்குப் பதில், விலகிய தேதி என்று ஒரு புலம் வைத்துக்கொள்ளுங்கள்.

படி 6: டேபிள்களை உருவாக்குதலும் மைக்ரேஷனும்

டிபி.கிரியேட்_ஆல் என்று அழைத்தால் இல்லாத டேபிள்கள் உருவாகும். இருக்கிற டேபிளில் புதுப் புலம் சேர்த்தாலும் அது தொடாது. அதனால் அதைச் சோதனைகளுக்கு மட்டும் வைத்துக்கொண்டு, முதல் நாளிலிருந்தே ஃபிளாஸ்க்-மைக்ரேட் பயன்படுத்துங்கள். ஃபிளாஸ்க் டிபி இனிட் என்பது ஒரே ஒருமுறை. அப்புறம் ஒவ்வொரு மாடல் மாற்றத்துக்கும் ஃபிளாஸ்க் டிபி மைக்ரேட், தொடர்ந்து ஃபிளாஸ்க் டிபி அப்கிரேட்.

இந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு வேலை இருக்கிறது: உருவான கோப்பைத் திறந்து படிப்பது. அலெம்பிக் உங்கள் மாடலையும் தரவுத்தளத்தையும் ஒப்பிட்டு ஊகித்து எழுதுகிறது. டைட்டில் என்ற புலத்தை நேம் என்று நீங்கள் பெயர் மாற்றியிருந்தால், பெயர் மாறியது என்று அதற்குத் தெரியாது. டைட்டிலை நீக்கு, நேம் என்று புதிதாகச் சேர் என்றுதான் எழுதும். படிக்காமல் ஓட்டினால் நூல் தலைப்புகள் அத்தனையும் போய்விடும். அந்த இரண்டு வரிகளையும் அழித்து, ஆல்டர்_காலம் என்று பெயர் மாற்றும் வரியை நீங்களே எழுதுங்கள்.

ஏற்கெனவே பதிவுகள் உள்ள டேபிளில் நாட் நல் புலம் ஒன்றைச் சேர்த்தாலும் நிற்கும், பழைய பதிவுகளில் எதை நிரப்புவது என்று தரவுத்தளத்துக்குத் தெரியாது. இங்கே டிஃபால்ட் உதவாது, சர்வர்_டிஃபால்ட் வேண்டும். மைக்ரேஷன் கோப்புகளை கிட்டில் சேர்க்க மறக்காதீர்கள்.

படி 7: செஷன்

நம் மாற்றங்களைக் குறித்துவைத்துத் தரவுத்தளத்துக்கு அனுப்புவது செஷன். ஓஆர்எம்மின் இதயம் இதுதான். இது தெளிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக விளங்கும்.

டிபி.செஷன்.ஆட் என்று புதிய இரவலைக் கொடுத்ததும் தரவுத்தளத்தில் எதுவும் நடப்பதில்லை. எக்கோவில் ஒரு வரியும் வராது. செஷன் அதைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். ஃப்ளஷ் நடக்கும்போது, குறித்து வைத்த மாற்றங்கள் எஸ்க்யூஎல்லாகத் தரவுத்தளத்துக்குப் போகும். அப்போது ஐடி கிடைத்துவிடும், ஆனால் டிரான்சாக்ஷன் (சேர்ந்தே நிலைக்கும் அல்லது சேர்ந்தே கைவிடப்படும் கட்டளைத் தொகுதி) இன்னும் திறந்தே இருக்கும். மற்றவர்களுக்கு அந்த மாற்றம் தெரியாது. கமிட் செய்தால்தான் நிலைக்கும். கமிட்டுக்குள்ளேயே ஒரு ஃப்ளஷ் அடங்கியிருக்கிறது. அதுபோல நீங்கள் ஒரு செலக்ட் ஓட்டினாலும், அதற்கு முன் செஷன் தானாக ஃப்ளஷ் செய்யும். உங்கள் புதிய மாற்றங்கள் விடையில் தெரிய வேண்டுமல்லவா, அதற்காக.

ஆகவே யுனிக் மீறல் பிழை, ஆட் எழுதிய வரியில் வராது. கமிட் வரியிலோ, அதற்கு முன் நீங்கள் எழுதிய சம்பந்தமில்லாத ஒரு தேடலிலோ வரும். பிழை எங்கிருந்து கிளம்பியது என்று தெரியாமல் பலரும் குழம்பும் இடம் இதுவே.

பிழை வந்துவிட்டால், கமிட் ஆகாத மாற்றங்களைக் கைவிடும் டிபி.செஷன்.ரோல்பேக் கட்டாயம். அதைச் செய்யாமல் அதே செஷனில் இன்னொரு தேடல் ஓட்டினால் பெண்டிங்ரோல்பேக்எரர் என்று மறுத்துவிடும். ட்ரை பகுதிக்குள் கமிட், எக்செப்ட் பகுதியில் இன்டெக்ரிட்டிஎரர் பிடித்து ரோல்பேக், பிறகு பயனருக்குப் புரியும் செய்தி. இந்த மூன்றும் சேர்ந்தே இருக்கட்டும்.

ரிக்வெஸ்ட் முடிந்ததும் ஃபிளாஸ்க்-எஸ்க்யூஎல்ஆல்கெமி செஷனை மூடிவிடும். மூடும்போது கமிட் செய்யாது. நீங்கள் கமிட் எழுத மறந்திருந்தால் பிழையும் வராது, தரவும் இருக்காது. கமிட்டை எங்கே எழுதுவது? ரூட் ஃபங்ஷனின் முடிவில், ஒரே இடத்தில். உள்ளே அழைக்கும் சிறு ஃபங்ஷன்கள் ஒவ்வொன்றும் கமிட் செய்தால், பாதி வேலை முடிந்து மீதி தோற்கும்போது பின்வாங்க வழியில்லாமல் போகும். சிறு ஃபங்ஷனுக்கு ஐடி வேண்டுமென்றால் ஃப்ளஷ் போதும்.

கமிட் ஆனதும் ஆப்ஜெக்ட்டுகளின் மதிப்புகள் காலாவதியாகின்றன. அடுத்து லோன்.டியூ_டேட் என்று தொட்டால் மறுபடி ஒரு செலக்ட் ஓடும். எக்கோவில் அதைப் பார்த்துத் திடுக்கிட வேண்டாம், இயல்புதான். ஆனால் செஷன் மூடிய பிறகு, பின்னணியில் ஓடும் திரெட்டில் அதே ஆப்ஜெக்ட்டைத் தொட்டால் டிடாச்ட்இன்ஸ்டன்ஸ்எரர் வரும். பின்னணி வேலைக்கு ஐடியை மட்டும் கொடுத்து, அங்கே புதிதாக எடுத்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

படி 8: தேடுதல்

டிபி.செலக்ட்(புக்) என்று ஒரு வாக்கியத்தைக் கட்டி, வேர், ஆர்டர்_பை, லிமிட் சேர்த்து, டிபி.செஷன்.ஸ்கேலர்ஸ் என்பதற்குக் கொடுத்தால் நூல்கள் வரும். வாக்கியத்தைக் கட்டும்போது எதுவும் ஓடாது, செஷனுக்குக் கொடுக்கும்போதுதான் ஓடும். ஐடி தெரிந்த ஒன்றை எடுக்க டிபி.கெட்_ஆர்_404 இருக்கிறது. பக்கம் பக்கமாகக் காட்ட டிபி.பேஜினேட்.

பயனர் தட்டிய சொல்லை வைத்துத் தேட, புக்.டைட்டில்.கன்டெயின்ஸ் என்று எழுதி ஆட்டோஎஸ்கேப் என்பதை ட்ரூ ஆக்குங்கள். இல்லாவிட்டால் பயனர் தட்டும் % குறி எல்லா நூலையும் கொண்டுவந்துவிடும். இப்படி எழுதும்போது மதிப்புகள் தனியாகவே போவதால் எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் (பயனர் தட்டியது கட்டளையாகவே ஓடிவிடுவது) அச்சமில்லை. டெக்ஸ்ட் ஃபங்ஷனுக்குள் எஃப்-ஸ்ட்ரிங் போட்டு நீங்களே ஒட்டவைத்தால் அந்தப் பாதுகாப்பு கிடையாது. அங்கேயும் முக்காற்புள்ளியுடன் பெயர் எழுதி, மதிப்பைத் தனியாகக் கொடுங்கள்.

ஜேசன் ஏபிஐ எழுதுபவர்களுக்கு ஒரு குறிப்பு: ஃபிளாஸ்க் இயல்பாகத் தமிழ் எழுத்துகளை யூனிகோட் எண்களாக மாற்றித்தான் அனுப்பும். ஆப்.ஜேசன்.என்ஷ்யூர்_ஆஸ்கி என்பதை ஃபால்ஸ் ஆக்கினால் தமிழாகவே போகும்.

படி 9: தெரியாமல் ஓடும் நூறு தேடல்கள்

இரவல் பட்டியல் பக்கம். 50 இரவல்களை எடுத்து, டெம்ப்ளேட்டில் ஒவ்வொன்றுக்கும் லோன்.மெம்பர்.நேம், லோன்.காப்பி.புக்.டைட்டில் என்று காட்டுகிறோம். பார்க்க அப்பாவியான வரிகள். எக்கோவைப் பாருங்கள்: பட்டியலுக்கு ஒன்று, ஒவ்வொரு இரவலுக்கும் உறுப்பினருக்கு ஒன்று, பிரதிக்கு ஒன்று, நூலுக்கு ஒன்று. அதிகபட்சம் 151 செலக்ட்டுகள். ரிலேஷன்ஷிப் புலத்தைத் தொடும்போதுதான் தேடும் என்பது இயல்பு அமைப்பு. ஒரே செஷனில் ஏற்கெனவே வந்த உறுப்பினரை மறுபடி தேடாது என்பதால் எண்ணிக்கை சற்றுக் குறையலாம், ஆனாலும் பத்துப் பதிவுகள் உள்ள உங்கள் கணினியில் வேகமாகத் தெரிந்த பக்கம், சர்வரில் இழுத்துக்கொண்டு நிற்கும்.

மருந்து எளிது. செலக்ட் வாக்கியத்தில் ஆப்ஷன்ஸ் சேர்த்து, என்னென்ன தேவை என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒன்றை நோக்கிப் போகும் உறவுக்கு, அதாவது இரவலிலிருந்து உறுப்பினருக்கு, ஜாயின்ட்லோட் நல்லது. பலவற்றை நோக்கிப் போகும் உறவுக்கு, நூலிலிருந்து பிரதிகளுக்கு, செலக்ட்இன்லோட். மேலே சொன்ன பக்கத்தில் ஜாயின்ட்லோட்(லோன்.மெம்பர்), ஜாயின்ட்லோட்(லோன்.காப்பி).ஜாயின்ட்லோட்(காப்பி.புக்) என்று கொடுத்தால் 151 என்பது 1 ஆகிவிடும். பட்டியலாக வரும் உறவுக்கு ஜாயின்ட்லோட் போட்டால், ஒரே நூல் பிரதிக்கு ஒருமுறையாகத் திரும்பத் திரும்ப வரும். அப்போது விடையில் யுனிக் மெத்தடை அழைக்கச் சொல்லி எஸ்க்யூஎல்ஆல்கெமியே பிழை காட்டும்.

ரிலேஷன்ஷிப்பிலேயே லேஸி என்பதை ரெய்ஸ் என்று வைத்துவிட்டால், முன்கூட்டிச் சொல்லாத உறவைத் தொட்டதும் பிழை வரும். பெரிய திட்டங்களில் இந்தக் கண்டிப்பு நல்லது. சின்னத் திட்டத்துக்குத் தேவையில்லை.

படி 10: ஒரே பிரதி, இரண்டு கவுண்டர்கள்

இரண்டு நூலகர்கள் ஒரே பிரதியை ஒரே நொடியில் இரண்டு பேருக்குப் பதிகிறார்கள். நிரலில், பிரதி வெளியே போயிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பதிகிறோம். ஆனால் இருவருடைய பார்வையும் முடிந்த பிறகே இருவருடைய பதிவும் நடந்தால்? இரண்டு இரவல்கள் பதிவாகிவிடும். பைத்தானில் எத்தனை இஃப் எழுதினாலும் இதைத் தடுக்க முடியாது. தரவுத்தளம்தான் தடுக்க வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி, நிபந்தனையோடு கூடிய யுனிக் இன்டெக்ஸ். லோன் டேபிளில் காப்பி_ஐடி மீது யுனிக் இன்டெக்ஸ், ஆனால் ரிட்டர்ன்ட்_அட் நல்லாக உள்ள பதிவுகளுக்கு மட்டும். திருப்பப்பட்ட பழைய இரவல்கள் எத்தனை வேண்டுமானாலும் இருக்கலாம், திருப்பாதது ஒன்றே ஒன்றுதான். இன்டெக்ஸ் எழுதும்போது போஸ்ட்கிரெஸ்க்யூஎல்_வேர், எஸ்க்யூலைட்_வேர் இரண்டிலும் அதே நிபந்தனையைக் கொடுங்கள். மைஎஸ்க்யூஎல்லில் இந்த வசதி இல்லை. இரண்டாவதாக வந்தவருக்கு இன்டெக்ரிட்டிஎரர் வரும், அதைப் பிடித்து, பிரதி இப்போதுதான் வெளியே போனது என்று சொல்லிவிடலாம்.

வித்_ஃபார்_அப்டேட் என்று பிரதியைப் பூட்டி எடுப்பது இன்னொரு வழி. ஒரு உறுப்பினர் மூன்று நூலுக்கு மேல் எடுக்கக் கூடாது என்பதுபோல எண்ணிப் பார்க்கும் விதிகளுக்கு, உறுப்பினரின் பதிவை இப்படிப் பூட்டிவிட்டு எண்ணுவது பொருத்தம். எஸ்க்யூலைட்டில் இந்தச் சொல்லை எஸ்க்யூஎல்ஆல்கெமி சத்தமில்லாமல் விட்டுவிடும் என்பதை நினைவில் வையுங்கள்.

படி 11: சோதனை

கிரியேட்_ஆப் ஃபங்ஷனுக்கு அமைப்புகளை வெளியிலிருந்து கொடுக்கும்படி எழுதியிருந்தால், சோதனைக்கென்று நினைவகத்தில் ஓடும் எஸ்க்யூலைட் முகவரியைக் கொடுத்து, கிரியேட்_ஆல் அழைத்துப் பைடெஸ்டை ஓட்டலாம். பூட்டு, கொலேஷன், நீள வரம்பு இவையெல்லாம் அங்கே வேறு மாதிரி நடக்கும் என்பதால், வெளியிடும் முன் ஒருமுறையாவது சர்வரில் உள்ள அதே வகைத் தரவுத்தளத்தில் ஓட்டுங்கள்.

இதோடு ஒரு சோதனை அவசியம் எழுதுங்கள்: எஞ்சினின் பிஃபோர்_கர்சர்_எக்ஸிக்யூட் நிகழ்வில் ஒரு எண்ணியை வைத்து, இரவல் பட்டியல் பக்கம் எத்தனை எஸ்க்யூஎல் ஓட்டுகிறது என்று எண்ணி, ஒரு வரம்பைத் தாண்டினால் தோற்க வையுங்கள். யாராவது டெம்ப்ளேட்டில் ஒரு புதிய உறவைத் தொட்டுவிட்டால் அன்றைக்கே தெரிந்துவிடும்.

படி 12: சர்வருக்குக் கொண்டுபோதல்

எஞ்சின், தரவுத்தள இணைப்புகளை ஒரு தொகுப்பாக வைத்துக்கொண்டு மாற்றி மாற்றிப் பயன்படுத்துகிறது. இயல்பாக 5 இணைப்புகள், நெருக்கடியில் மேலும் 10. இது ஒரு பிராசஸுக்கு. ஃபிளாஸ்க் ஆப்பை சர்வரில் ஓட்டும் கூனிகார்னில் 4 வொர்க்கர் (தனித்தனி பிராசஸ்) ஓட்டினால் அதிகபட்சம் 60. போஸ்ட்கிரெஸ்க்யூஎல்லின் இயல்பு வரம்பு 100 இணைப்புகள். வொர்க்கர் எண்ணிக்கையைக் கூட்டும் முன் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பாருங்கள். தொகுப்பு காலியாகி 30 நொடி காத்திருந்தும் இணைப்பு கிடைக்காவிட்டால் டைம்அவுட் பிழை வரும். அப்போது தொகுப்பைப் பெரிதாக்கும் முன், எந்த ரிக்வெஸ்ட் டிரான்சாக்ஷனைத் திறந்து வைத்துக்கொண்டு வெளி ஏபிஐக்காகக் காத்திருக்கிறது என்று தேடுங்கள். பெரும்பாலும் காரணம் அதுதான்.

வெகுநேரம் சும்மா கிடக்கும் இணைப்பைத் தரவுத்தளம் தன் பக்கத்திலிருந்து மூடிவிடும். மைஎஸ்க்யூஎல்லில் இது இயல்பாக 8 மணி நேரம். அதனால்தான் காலையில் வரும் முதல் ரிக்வெஸ்ட் மட்டும் தோற்கிறது. எஸ்க்யூஎல்ஆல்கெமி_எஞ்சின்_ஆப்ஷன்ஸ் என்ற டிக்ஷனரியில் பூல்_ப்ரீ_பிங் என்பதை ட்ரூ ஆக்கினால், இணைப்பைக் கொடுக்கும் முன் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்துக்கொள்ளும்.

எக்கோவை இங்கே அணைத்துவிடுங்கள். லாக் கோப்பு பெருத்துவிடும், உறுப்பினர்களின் விவரங்களும் அதில் போய் உட்காரும்.

வெளியிடும்போது வரிசை இப்படி: முதலில் தரவுத்தளத்தின் பேக்கப், பிறகு ஃபிளாஸ்க் டிபி அப்கிரேட், அதன்பின் வொர்க்கர்களை மறுதொடக்கம். அப்கிரேட் முடிந்து மறுதொடக்கம் ஆகும்வரை, பழைய நிரல் புதிய டேபிளோடு ஓடிக்கொண்டிருக்கும். ஆகவே புலத்தைச் சேர்க்கும் மைக்ரேஷனில், அது காலியாக இருக்கலாம் என்றோ சர்வர்_டிஃபால்ட் உண்டு என்றோ வைத்துக்கொள்ளுங்கள். புலத்தை நீக்குவதாக இருந்தால், அதைத் தொடும் வரிகளை நிரலிலிருந்தும் மாடலிலிருந்தும் முதலில் எடுத்து ஒருமுறை வெளியிட்டுவிட்டு, நீக்கும் மைக்ரேஷனை அடுத்த வெளியீட்டில் ஓட்டுங்கள்.